சிடியின் முகம் எந்தப் பக்கம்?

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் பழகாத பெண் இருக்கிற வீட்டில் எந்தச் சாமானும் முழுசாக இருக்காது. எங்கள் வீட்டில் மிக்சி, இஸ்திரிப் பெட்டி, மருமகள் கொண்டுவந்த ரொட்டி சுடுகிற மெஷின் எல்லாம் அப்படிப் போனவைதான். ஒவ்வொன்றும் போகும்போது நான் பக்கத்தில் இருந்தேன் என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் இருந்தது மட்டும்தான் என் குற்றம் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

சிடி விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லித் தப்ப முடியவில்லை. ஊரே பார்த்துவிட்டது.

என் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். அது வயிற்றுக்கு. மற்றபடி அவர் வில்லுப்பாட்டுக்காரர். எங்கள் சந்து அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, வில்லை அடிக்கிற வீசுகோலைக் கையில் எடுத்தாரென்றால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்கூட அடுப்பை அணைத்துவிட்டு வருவார்கள். (சத்தம் போடாதே என்று சொல்லத்தான் வந்தார்கள் என்பாள் என் தங்கை. அவள் புருஷனுக்குப் பாட வராது.)

அந்தத் தொண்டையில்தான் பின்னால் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். ஆள் பிழைத்தார், குரல் பிழைக்கவில்லை. வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வரும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மேசைதான் அவர் வாய். ஒரு தட்டு தட்டினால் சரி, இரண்டு தட்டினால் வேண்டாம். தொடர்ந்து தட்டினால் என்னைத் திட்டுகிறார் என்று அர்த்தம்.

குரல் நன்றாக இருந்த காலத்தில் ஒரு கொடையன்று மைக்செட்காரர் ஒருவர் அவர் பாட்டு முழுவதையும் பதிந்து ஒரு சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு சிடி. அந்தக் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். நான் அதைப் பட்டுப் புடவைக்கு நடுவில் வைத்திருந்தேன்.

நாங்கள் செம்பூருக்குக் குடிவந்த பிறகு ஒரு நாள், அந்தத் தாராவிக் கோவில் கமிட்டித் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சி தேடி வந்தார். ஊரிலிருந்து வரவேண்டிய வில்லுப்பாட்டு செட் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டதாம்.

"மயினி, நம்ம அண்ணன் சிடி இருக்குல்லா, அதையே மைக்ல போட்டுருவோம். அண்ணன் மேடையில இருந்து வில்லை மட்டும் அடிக்கட்டும். குரலும் அவரு, கையும் அவரு. எப்படி இருக்கும்னு நெனச்சிப் பாருங்க!"

வீட்டுக்காரர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். அண்ணாச்சியின் காபி டம்ளர் கீழே விழுந்தது. அவ்வளவு சரி.

அன்றைக்கே பரணிலிருந்து வில்லை இறக்கி, மணிகளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார். அத்தனை வருஷமாக வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன், கண்ணாடி முன்னால் நின்று தலைப்பாகை கட்டிப் பார்த்துக்கொண்டார். தன் குரல் இன்னொரு தடவை கோவில் வாசலில் கேட்கப் போகிறது என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் இந்தக் காரியத்தை மற்றவர்களை நம்பி விடக் கூடாது என்று முடிவு செய்தேன். (மற்றவர்கள் என்றால் கம்ப்யூட்டர் படித்த என் மகன்.)

மகன் செந்திலுக்குப் பாட்டுக் கேட்பதில் ஒரு பைத்தியம் உண்டு. சிடியை நேராக மைக்செட்டில் போடவே கூடாது என்று குறுக்கே நின்றான்.

"பழைய சிடிம்மா. எங்கயாவது சிக்கிச்சின்னா கதம். மொதல்ல கம்ப்யூட்டர்ல லாஸ்லெஸ் காப்பி எடுத்துருவோம். பென் டிரைவ்ல போட்டுக் கொண்டுபோவோம்."

"அது என்னது லாஸ்லெஸ்?"

"ஒரு சொட்டுக்கூட கொறையாத காப்பி. நீங்க செல்லுல கேக்குற பாட்டெல்லாம் எடத்தை அடைக்குதுன்னு நசுக்கி, காதுக்குத் தெரியாதுன்னு பாதியைத் தூக்கிப் போட்டது. இது அப்படி இல்ல. சிடியில என்ன இருக்கோ, அப்படியே."

"தண்ணி ஊத்தாத பாலு."

"ஹான், அதான்."

அவன் லேப்டாப்பில் சிடி போடுகிற வாயே கிடையாது. அதற்கென்று ஒரு தனிப் பெட்டி வாங்கி வந்து ஒயரில் மாட்டினான். அந்தக் காப்பி எடுக்கிற வேலையைப் பார்த்தபோது எனக்கு மரியாதை வந்துவிட்டது. மெஷின் பாட்டைத் துண்டு துண்டாகப் படிக்கும். படித்ததை நம்பாது. மறுபடியும் அதே துண்டைப் படிக்கும். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தால்தான் எழுதிக்கொள்ளும். வரவில்லையென்றால் வருகிறவரைக்கும் படிக்கும். அதோடு விடாமல், வேறு தேசங்களில் இதே சிடியைக் காப்பி எடுத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு வந்ததும் நமக்கு வந்ததும் ஒத்துப்போகிறதா என்று இண்டர்நெட்டில் விசாரிக்கும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

எங்கள் சிடியைப் போட்டதும் இங்கிலீஷில் ஏதோ எழுதிக் காட்டியது.

"என்னய்யா சொல்லுது?"

"இந்த மாதிரி சிடி வேற யாருகிட்டயும் இல்லன்னு சொல்லுதும்மா. ஒத்துப்பாக்க ஆள் இல்ல. நாமதான் ஜாக்கிரதையா எடுக்கணும்."

மகன் கவலையாகச் சொன்னான். எனக்குக் கவலை வரவில்லை. உலகம் முழுக்கத் தேடிவிட்டு இப்படி ஒரு குரல் எங்கேயும் இல்லை என்று கம்ப்யூட்டரே ஒப்புக்கொண்டிருக்கிறது. லிப்டில் பார்த்த எல்லோரிடமும் சொன்னேன். தங்கைக்கு போன் போட்டும் சொன்னேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மகன் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு, "குளிச்சிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுதேன், யாரும் தொடாதீங்க" என்று பாத்ரூமுக்குள் போனான். பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அவன் குளியலோ அரை நாள் குளியல். அதற்குள் காரியத்தைத் தொடங்கி வைக்க வேண்டும். தொடங்குவதென்றால் வெறுமனே எப்படித் தொடங்குவது? புதுச் சைக்கிள் வாங்கினால் பொட்டு வைக்கிறோம். தராசுக்கு வைக்கிறோம். பட்டறையில் தோல் வெட்டுகிற கத்திக்கு வைக்கிறோம். அம்மன் பாட்டு இருக்கிற சிடிக்கு வைக்காமல் விட்டால் நான் என்ன பொம்பளை?

பெட்டியின் பொத்தானை அமுக்கினேன். நாக்கை நீட்டுகிற மாதிரி தட்டு வெளியே வந்தது. சிடியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மைப் பேனாவால் கிறுக்கியிருந்தது. இன்னொரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று என் முகம் தெரிந்தது. கிறுக்கியிருக்கிற பக்கம் முதுகு, பளபளக்கிற பக்கம் முகம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? முதுகிலா பொட்டு வைப்பார்கள்? வட்டத்துக்கு நெற்றி எது என்றுதான் கொஞ்சம் யோசித்தேன். நடு ஓட்டைக்கு மேலே, சந்தனத்தைக் குழைத்துக் கட்டை விரல் அகலத்துக்கு வைத்து, அதன் மேல் குங்குமம் இட்டேன். லட்சணமாக இருந்தது. எடுத்த மாதிரியே முதுகு மேலே தெரிய வைத்துத் தட்டை உள்ளே தள்ளினேன்.

மகன் வந்தான், ஸ்டார்ட் அமுக்கினான். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து 'கர்ர்... கர்ர்...' என்று சத்தம் வந்தது. மகன் திரையை உற்றுப் பார்த்தான்.

"அஜீப் ஹை, விசித்திரமா இருக்கே. இந்த எடத்தையே திரும்பத் திரும்பப் படிக்குது."

"அந்த எடம் நல்லா இருந்திருக்கும்யா. அதான் திரும்பத் திரும்பக் கேக்குது."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேப்டாப் பக்கம் கையைக் காட்டினார். குரல் போன பிறகு அவருக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. அறை முழுக்கச் சந்தன வாசம்.

"வெள்ளிக்கிழமை வீடுன்னா சந்தனம் மணக்கத்தானே செய்யும்" என்றேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மகன் மெஷினை ஓடவிட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து பார்க்கும்போதும் அது அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. தட்டைத் திறந்தான். சிடி சுற்றின சுற்றில் ஈரச் சந்தனம் தெறித்து, பெட்டியின் உள்பக்கமெல்லாம் ஹோலி.

"அம்மா."

"என்னய்யா?"

"இது என்னது?"

"சந்தனம்."

"லேசர் லைட்டு படிக்கிற பக்கத்துல யாராவது சந்தனம் வைப்பாங்களாம்மா?"

"அந்தப் பக்கம்தான் படிக்கும்னு நீ சொன்னியா? எழுத்து எழுதியிருக்க பக்கத்தைத்தானே படிக்கணும்?"

அவன் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். பொட்டு வைத்தது தப்பு என்று நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. வைத்த பக்கம் தப்பாக இருக்கலாம்.

பெட்டி கெட்டுவிட்டது. வேறு பெட்டி வாங்க மகன் ஸ்டேஷன் பக்கம் கிளம்பினான். போகும்போது, "சிடியைத் தொடாதீங்க. நான் வந்து பஞ்சுத் துணியால நடுவுலேர்ந்து வெளிய நேரா தொடச்சி எடுக்கணும். வட்டமா தேச்சா மொத்தமும் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதாவது, சொன்னானாம். என் காதில் 'தொடாதீங்க' வரைக்கும்தான் விழுந்தது. எனக்குப் பொருந்தாத வார்த்தை என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை.

காய்ந்த சந்தனத்தை எப்படி எடுப்பது என்று எனக்கா தெரியாது? கல்யாணம் ஆன நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பூஜைத் தட்டைத் துலக்குகிறேன். புளியைக் கரைத்தேன். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்தேன். தட்டைத் துலக்குகிற மாதிரியே வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். சந்தனம் ஒட்டியிருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தி. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது பித்தளை மாதிரி மின்னியது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் மேசையைத் தட்ட ஆரம்பித்தார். நிறுத்தவில்லை.

மகன் வந்து பார்த்தான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து புதுப் பெட்டியில் காப்பி எடுக்கிற வேலை நடந்தது. இரவு பகலாக மெஷின் படித்தது. பாவம், விட்டுக்கொடுக்காத மெஷின். ஒரு வரியை எடுக்க ஒரு பொழுது. செவ்வாய்க்கிழமை கொடை. திங்கட்கிழமைக்குள் முக்கால்வாசிப் பாட்டு ஒரு சொட்டுக் குறையாமல் வந்துவிட்டது. சிக்கினது, நான் அழுத்தித் தேய்த்த அந்த ஒரு இடம்தான். அது எந்த இடம் என்றால், கதையிலேயே முக்கியமான இடம். அம்மன் வருகிற இடம்.

"வந்ததை வச்சிக் குடுத்துருய்யா" என்றேன்.

"ரெண்டு தடவை ஒத்துப்போகாததைக் குடுக்க மாட்டேன்மா. அது அப்பா குரல். கிட்டத்தட்ட அப்பா குரல்னு ஒண்ணு கெடையாது." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தான். "ஓடட்டும். நாளைக்கு நான் அரை நாள் வேலை முடிச்சி, வீட்டுக்கு வந்து, முடிஞ்ச வரைக்கும் பென் டிரைவ்ல எடுத்துட்டு நேரா கோவிலுக்கு வந்துருதேன். மதியக் கொடைக்கு முன்னாடி வந்துருவேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக்காரர் தலைப்பாகை கட்டி, வில்லை உறை போட்டு மடியில் வைத்துக்கொண்டு, டாக்சி வருவதற்குள் வாசலில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த எனக்கு, இவ்வளவு பெரிய காரியத்தை ஹார்பர் லைன் ரயிலை நம்பி விடுவதா என்று தோன்றியது. ரயில் நின்றுவிட்டால்? உள்ளே போனேன். மெஷின் முனகிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கினேன். சிடியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கோவில் வாசலில் மைக்செட் போட்டிருந்தவர் பப்பு பாய். தாராவிக்கு வந்து தமிழ் பழகிய வடநாட்டுக்காரர்.

"அம்மா, பென் டிரைவ் கிதர்? எல்லாரும் பென் டிரைவ்தான் தர்றாங்க."

"அதெல்லாம் நகலு. இது அசல். நகலை வச்சி அம்மனை வரவழைக்க முடியுமா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, எங்கேயோ கிடந்த பழைய சிடி பிளேயரைத் தேடித் தூசி தட்டி எடுத்து வந்தார்.

மதியக் கொடை ஆரம்பித்தது. மேளம் நின்றது. வீட்டுக்காரர் மேடையில் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்தார். மருமகள் கவிதா செல்லைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பப்பு பாய் பொத்தானை அமுக்கினார்.

அவர் குரல் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின குரல். கணீரென்று, நாலு குழாய் ஸ்பீக்கரிலும். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. அவர் வீசுகோலை வீசினார், மணி குலுங்கியது, உதடு அசைந்தது. தெரியாதவர்கள் அவரே பாடுகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். என் தங்கை கண்ணைத் துடைத்தாள். நான் இந்த உலகத்தில் யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லாதவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அம்மன் வருகிற இடம் வந்தது.

"எட்டு வீதித் தாயும் இப்போ வாராளே..." என்றது குழாய். அடுத்து, "எலுமிச்ச மாலை சூடி வந்தமர்ந்தாளே" என்று வர வேண்டும். வரவில்லை.

"வாராளே... வாராளே... வாராளே..."

பிளேயர் சிக்கிவிட்டது.

நிறுத்தியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் மூன்றாவது 'வாராளே'க்கே கோவில் சாமியாடி துள்ளிக் குதித்துவிட்டார். சாமி வந்த பிறகு பாட்டை நிறுத்தக் கூடாது, வில்லையும் நிறுத்தக் கூடாது. வீட்டுக்காரர் அடித்தார். குழாய் 'வாராளே' என்றது. அவர் அடித்தார். இரண்டு பெண்கள் தலையை விரித்துப்போட்டு ஆடினார்கள். பிறகு நாலு பேர். வழக்கமாக வருகிற சாமி, கொஞ்சம் ஆடிவிட்டு, அடுத்த வரி வந்ததும் திருநீறு கொடுத்துவிட்டு மலையேறிவிடும். அன்றைக்கு அடுத்த வரியே இல்லை. வந்த சாமிக்குப் போக வழி தெரியவில்லை. வருகிறாள் வருகிறாள் என்று குழாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் புதிது புதிதாக வேறு வந்துகொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து சாமி வந்தறியாத சுடலைமுத்து அண்ணாச்சி, கையில் வைத்திருந்த நன்கொடை ரசீதுகளைக் காற்றில் வீசிவிட்டு ஒற்றைக் காலில் ஆடினார்.

"அம்மா, அடக் கயா!" என்று பப்பு பாய் கத்தினார். "சிக்கிருச்சு! என்ன செய்ய?"

மிக்சி சிக்கினால் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். பிளேயர் தலையில் ஓங்கி ஒரு அடி.

எல்லாம் நின்றுவிட்டது. நாலு குழாயிலும் பாட்டு செத்துப்போனது. ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். சாமியாடி கண்ணை உருட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏட்டீ! எம் பாட்டு எங்கட்டீ?"

மேடையைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கை மட்டும் வில்லை அடித்துக்கொண்டிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. வெறும் காற்று. அந்த வரி அவருக்குத் தெரியும், அவருடைய வரி, ஊரே காத்திருக்கிறது, சொல்ல முடியவில்லை. என்னைப் பார்த்தார். அவர் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

பப்பு பாய் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். பாடினேன்.

"எலுமிச்ச மாலை சூடி வந்தமர்ந்தாளே..."

என் குரலைப் பற்றி நானே சொல்லக் கூடாது. குர்லா ஸ்டேஷனில் சரக்கு வண்டி பிரேக் போடுவதைக் கேட்டிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாலு குழாயில் அது நாலு வண்டியாக வந்தது. நான் 'வந்தமர்ந்தாளே'யை இழுத்து முடிப்பதற்குள் சாமியாடி தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி தூக்கின காலைக் கீழே வைத்துவிட்டு ரசீதைப் பொறுக்க ஆரம்பித்தார். வந்த சாமி அத்தனையும் ஒரே வரியில் மலையேறிவிட்டன. கூட்டம் சிரிப்பை அடக்கிப் பார்த்தது, முடியவில்லை. சாமியாடி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "மயினி, இனிமே பாடாதிய. சோடா இருந்தா குடுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பென் டிரைவோடு மகன் ஓடி வந்தான். வீட்டில் பிடுங்கிக் கிடந்த ஒயரைப் பார்த்திருக்கிறான். பிளேயரைத் திறந்து சிடியை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டான். ஒரு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்பி வருகிற டாக்சியில் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். ஆசையாகக் கட்டின தலைப்பாகை கழுத்தில் கிடந்தது. சயான் தாண்டினதும் சீட்டில் விரலால் தட்ட ஆரம்பித்தார். திட்டுகிறார், திட்டட்டும் என்று இருந்தேன். பிறகுதான் கவனித்தேன். அது திட்டு இல்லை, தாளம். அந்த வரியின் தாளம். தட்டி முடித்து என் பக்கம் தாடையை உயர்த்தினார். பாடு என்கிறார்.

பாடினேன். டாக்சிக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி, "தபியத் டீக் ஹை, மாஜி?" என்று என் உடம்பை விசாரித்தார்.

மகன் சிடியை மறுபடி மெஷினில் போட்டான். எத்தனையோ நாள் ஓடியது. எல்லாம் வந்தது, அந்த ஒரு வரி மட்டும் வரவே இல்லை. அந்த இடத்தை வெறும் மௌனமாக விட்டுவிடலாம் என்றான். வீட்டுக்காரர் இரண்டு தட்டு தட்டினார். எழுந்து போய் மருமகள் செல்லைக் கொண்டுவந்து மகன் முன்னால் வைத்தார்.

"அத்த பாடினது பூரா ஷூட் பண்ணியிருக்கேன் மாமா, சாலிடா வந்திருக்கு" என்றாள் கவிதா.

மகன் அலறினான். "அப்பா! அது செல்லுல எடுத்த நசுங்கின சத்தம்ப்பா. பின்னாடி ஒரு ஆள் சிரிக்குறான். ஒரு சொட்டு கொறையாம எடுத்த காப்பியில போய் இதை ஒட்டச் சொல்றீங்களே!"

ஒரு தட்டு.

"நல்லா யோசிச்சிதான் சொல்றீங்களா?"

இன்னும் ஓங்கி, ஒரே தட்டு.

ஒட்டினான். இப்போது கமிட்டியிலும், எங்கள் வீட்டிலும், ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களிடமும் இருப்பது அந்தக் காப்பிதான். கொடையில் சாமிகள் மலையேறாமல் சாப்பாட்டுக்கு நேரமானால், "மயினி வரியைப் போடுங்கப்பா" என்று அண்ணாச்சி சைகை காட்டுகிறார். வீட்டில் விருந்தாளி எழுந்திருக்காவிட்டால் மகன் எழுந்து போய் அந்த இடத்திலிருந்து பாட்டைப் போடுகிறான். அவர் குரல் "வாராளே" என்று கணீரென்று வந்து நிற்கும். நான் தொடங்குவேன். மருமகள் ஓடி வந்து சத்தத்தைக் குறைப்பாள். வீட்டுக்காரர் கையை நீட்டி, அந்த ஒரு வரி முடிகிறவரைக்கும், கூட்டி வைப்பார்.